இருநூற்று நாற்பது

அண்டியாபீசில் விரல்ரேகை மெஷின் வைத்த அன்று
முதலில் தோற்றது என் பெருவிரல்.
அடுத்தது லில்லிபாயின் மோதிரவிரல்.
துடைத்து வைக்கச் சொன்னார் சூப்பர்வைசர்.
துடைத்து வைத்தோம்,
துப்பல் தொட்டும் வைத்தோம்.
சிவப்பாய் எரிந்து கத்தியது:
மீண்டும் முயற்சிக்கவும்.

பதினேழு வருசம் முயற்சித்த விரல்தான்.
தோடு உடைக்கையில் தெறிக்கும் கறை
சாம்பல் பூசினாலும் எண்ணெய் பூசினாலும்
தோலைத் தின்னும், பிறகு கோட்டைத் தின்னும்.
மண்டைக்காட்டுக் கொடையில் கைபார்க்கிற ஒருத்தி
என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
இருபது ரூபாயைத் திரும்பத் தந்தாள்.

அந்த வருசம் பதிவேட்டின்படி
நான் வேலைக்கு வந்தது அறுபத்தொரு நாள்.
மெஷினுக்கு மனசு நன்றாயிருந்த நாட்கள் அவை.

கம்பெனிக்கு இது நாலாவது பேர்.
முதலில் முதலாளியின் அப்பா பேர்,
பிறகு மூத்த மகள், பிறகு இளையவள்,
இப்போது மூன்று இங்கிலீஷ் எழுத்து.
நாலு வருசம் ஆனதும் பலகை இறங்கும்.
ஆணி இறங்காது.
அடுத்த பலகைக்குக் கீழே
அதே முக்காலியில் அதே நாங்கள்
புதிதாய்ச் சேர்ந்தவர்களாய் உட்காருவோம்.
இந்தமுறை முதலாளி நெஞ்சுவலியோடு
திருவனந்தபுரத்தில் படுத்துவிட்டார்.
பலகை பதினோரு மாசம் கூடுதலாகத் தொங்கிவிட்டது.

"நாலு வருசமும் மேலே இருநூற்று நாற்பது நாளும்
இருந்தால் ஐந்து வருசம்; பணிக்கொடை உண்டு"
என்றது சங்கத்துப் பிள்ளை.
"இல்லேண்ணா?"
"இல்லேண்ணா இல்ல, அக்கா."

நாகர்கோவில் தொழிலாளர் அலுவலகத்தில் வராண்டா நீளம்.
பக்கத்தில் இன்னொரு கேஸ்காரர், ஏ.டி.எம். காவலாளி,
இருபத்தொன்பது சட்டத்தை நாலாக்கிவிட்டார்கள் என்றார்.
பருப்பைத் தரம் பிரிக்கத் தெரிந்த லில்லிபாய் கேட்டாள்:
"நாலாக்கினா உடைசல் எதுல சேரும்?"
அவர் பேப்பரைப் பார்த்தார்.
அதில் அது இல்லை.

கம்பெனி வக்கீல் சத்தம் போடாத நல்ல மனுசன்.
தொடர் பணி நிரூபிக்கப்படவில்லை, அவ்வளவுதான் சொன்னார்.

பையைத் திறந்தேன்.
பைக்குள் பிஸ்கட் டின், டின்னுக்குள் டிக்கெட்.
புதுக்கடையில் ஏறிக் கருங்கலில் இறங்க
கண்டக்டர் கிழித்துத் தரும் மகளிர் டிக்கெட்.
தேதி. காலை ஏழு பன்னிரண்டு. கட்டணம் பூஜ்யம்.
கேசு வருமென்று சேர்த்ததில்லை;
காசு கொடுக்காமல் கிடைத்த ஒன்றை
வீசி எறிய எனக்குக் கை வராது.

உதவி ஆணையர் மேசையில் பரப்பினார்.
ஃபேனை நிறுத்தச் சொன்னார்.
எல்லாருக்கும் வியர்த்தது, வக்கீலுக்கும்.
இருநூற்று எழுபத்தொரு சீட்டு.
அந்தத் தாள் சூடு பட்டால் வெளுக்கும்,
எங்கள் வீட்டில் தகரக்கூரை.
எழுத்துப் போனதைத் தனியே தள்ளி
எண்ணினார், மறுபடி எண்ணினார்.
இருநூற்று முப்பத்தெட்டு.

"பஸ் ஏறினதுக்குத்தான் இது சாட்சி"
என்றார் வக்கீல், கைக்குட்டையை மடித்தபடி.
"அண்டி உடைச்சதுக்கு இல்லை."
"தினமும் ஏழு மணிக்கு நான் கருங்கலுக்கு
மூஞ்சி பாக்கவா சாரே வந்தேன்?"
லில்லிபாய் என் முழங்கையைக் கிள்ளினாள்.

வெள்ளைச் சீட்டு ஒன்றை எடுத்து
ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார் ஆணையர்.
ஜூலை மாதிரி இருக்கு என்றார், யாரிடமோ.
பிறகு வாக்குமூலத்தில் கையெழுத்து, பக்கத்தில் கைநாட்டு.
மை வட்டமாய் விழுந்தது.
ஒரு கோடு இல்லை.
பேனாவை மூடாமல் அதையே பார்த்தார்.
ஓரத்தில் என்னவோ எழுதினார்.
தலைகீழாய் எனக்கு வாசிக்க வரவில்லை.

அடுத்த வாய்தா பத்தொன்பதாம் தேதி.

திரும்புகிற பஸ்சில் கண்டக்டர் இரண்டு சீட்டு கிழித்தார்.
"இனி இது எதுக்கு பிள்ளே,
வேலைதான் போச்சே" என்றாள் லில்லிபாய்,
தன்னுடையதை ஜன்னல்வழி விட்டபடி.

எதற்கும் இல்லை.
வியர்வை படாமல் நகநுனியில் பிடித்தேன்.
தோட்டியோடு தாண்டியதும்
டின்னைத் திறந்தேன்.